முதல் நாளிலிருந்து எண்ணுங்கள்

நெகிரி செம்பிலான் தோட்டப்புற அரசாங்கக் குத்தகைத் தொழிலாளர்களின் கொள்கைப் பிரகடனம்

பகாவ், ரந்தாவ், லாபு, சிலியாவ், லிங்கி, தம்பின், கெமஞ்சே என்று பரந்து கிடக்கும் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்கள் நாங்கள். இன்று அரசாங்கப் பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் அலுவலகங்களிலும் பெருக்குகிறோம், கழுவுகிறோம், புல் வெட்டுகிறோம், வாசலில் ஜாகா நிற்கிறோம். எங்களில் பெரும்பாலோர் பெண்கள். ஐம்பதைத் தாண்டியவர்கள் நிறையப் பேர். எங்கள் சம்பளச் சீட்டில் ஒரு கம்பெனியின் பெயர் இருக்கும். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை டெண்டர் முடிந்ததும் அந்தப் பெயர் மாறும். வேலையும் இடமும் மாறுவதில்லை, செய்கிற ஆளும் மாறுவதில்லை. ஆனால் பெயர் மாறும் ஒவ்வொரு முறையும் எங்கள் சர்வீஸ் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது.

இந்தப் பூஜ்யத்தை ஒழிக்க ஓர் இயக்கம் தொடங்குகிறோம். அதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. பெயர் வைத்து, கொடி தைத்து, தலைவருக்கு மாலை போட்டு, அதோடு காணாமல் போன சங்கங்களை எங்கள் தோட்டங்கள் போதுமான அளவு பார்த்துவிட்டன. முதலில் கணக்கைப் பேசுவோம். பெயரைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

குத்தகை கைமாறும் நாள் எப்படி இருக்கும் என்று தெரியாதவர்களுக்காக அதைச் சொல்லிவிடுகிறோம். பழைய கம்பெனியின் சட்டையைத் துவைத்து மடித்து எடுத்துவரச் சொல்வார்கள். பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் ஒரு மேசை போட்டுப் புதிய கம்பெனியின் சூப்பர்வைசர் உட்கார்ந்திருப்பார். அடையாள அட்டை நகல், வங்கிக் கணக்கு நகல், பிறகு மலாயில் அச்சடித்த நான்கு பக்கக் கடிதம். படிக்க நேரமிருக்காது, பின்னால் வரிசை நிற்கும். கடிதத்தில் ‘வேலையில் சேர்ந்த நாள்’ என்று ஒரு கட்டம் உண்டு. அதில் அன்றைய தேதி ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும். கையெழுத்துப் போட்டால் வேறு நிறத்தில் இரண்டு சட்டை கிடைக்கும். மறுநாள் காலை ஏழு மணிக்கு அதே வாளி, அதே மாப்பு, அதே இரண்டாம் மாடிக் கழிப்பறை. எந்தக் குழாயில் தண்ணீர் மெதுவாக வரும், எந்தக் கதவின் தாழ்ப்பாள் சிக்கும், மழைக்காலத்தில் எந்த வகுப்பறையில் ஒழுகும் என்று எல்லாம் தெரியும். நாங்கள் வந்த ஆண்டு முதலாம் வகுப்பில் அழுதுகொண்டிருந்த பையன் இப்போது அதே பள்ளிக்கு ஆசிரியராக வந்திருப்பான். ஏட்டின்படி அவன் எங்களுக்கு மூத்த ஊழியன், நாங்கள் நேற்றுச் சேர்ந்தவர்கள்.

அந்தக் கட்டத்தில் விழும் தேதியின் விலை என்ன என்று பார்ப்போம். கேட்பவர்கள் பெரும்பாலும் “வேலை போகவில்லையே, சம்பளம் வருகிறதே, அப்புறம் என்ன?” என்கிறார்கள்.

1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் ஒரு தொழிலாளியின் ஆண்டு விடுப்பை அவருடைய சர்வீஸை வைத்துத்தான் கணக்கிடுகிறது. இரண்டு ஆண்டுக்குள் என்றால் 8 நாள், இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுவரை 12 நாள், ஐந்து ஆண்டுக்கு மேல் 16 நாள். எம்.சி. எனும் மருத்துவ விடுப்பும் அப்படியே 14, 18, 22 என்று ஏறும். வேலையை நிறுத்துவதென்றால் கொடுக்கவேண்டிய முன்னறிவிப்பு 4, 6, 8 வாரம். ஆட்குறைப்பு செய்தால் 1980ஆம் ஆண்டு விதிகளின்படி ஆண்டுக்கு 10 நாள், 15 நாள், 20 நாள் சம்பளம் இழப்பீடு. இந்தச் சட்டத்தில் எல்லாமே படிக்கட்டு. நாங்கள் இரண்டாம் படியில் கால் வைக்கும்போதெல்லாம் கீழே இறக்கிவிடப்படுகிறோம்.

ஒரே பள்ளியில் இருபது ஆண்டு வேலை செய்த ஓர் அக்காவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே முதலாளியிடம் இருந்திருந்தால் அவருக்கு இத்தனை ஆண்டில் 292 நாள் ஆண்டு விடுப்பு சேர்ந்திருக்கும். இரண்டு ஆண்டுக் குத்தகைகளாக வெட்டி வெட்டிக் கொடுத்ததில் கிடைத்தது 160. போனது 132 நாள், ஏறக்குறைய ஐந்து மாத வேலை நாள். மகளின் பிரசவம், கணவரின் டயாலிசிஸ், அம்மாவின் கருமாதி என்று சம்பளமில்லா விடுப்பு எடுத்த நாளெல்லாம் இந்த 132க்குள் அடங்கியிருக்கும். நாளைக்கு அவரை ஆட்குறைப்பு செய்தால், தொடர் சர்வீஸாகக் கணக்கிட்டால் 400 நாள் சம்பளம் கிடைக்கவேண்டும். இன்றைய குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வெள்ளிக்கே அது இருபதாயிரம் வெள்ளியைத் தாண்டும். இப்போதைய கடிதத்தின்படி கிடைப்பது சில நூறு, அல்லது ஒன்றுமே இல்லை.

இன்னொன்று. அந்த அக்காவுக்கும் சம்பளம் 1,700. நேற்று முதன்முதலாகத் துடைப்பம் பிடித்த பெண்ணுக்கும் 1,700. குறைந்தபட்சச் சம்பளம் 2013இல் 900 வெள்ளியாக வந்தபோது நாங்கள் மகிழ்ந்தோம், இன்றும் அதை வரவேற்கிறோம். ஆனால் எங்களுக்கு அது அடித்தளமாக இல்லாமல் கூரையாகிவிட்டது. அரசாங்கம் சட்டத்தை மாற்றினால் ஏறும், மற்றபடி ஆண்டு ஏற்றம் என்பது எங்கள் அகராதியில் இல்லை. அதே வளாகத்தில் அரசாங்கத்தின் நேரடி ஊழியராக இருப்பவருக்கு 2024 டிசம்பர் 1 முதல் நடப்பிலுள்ள புதிய சம்பள முறையில் குறைந்தபட்ச வருமானம் 2,000 வெள்ளிக்கு மேல், ஆண்டு ஏற்றம் தனி. அவர்மேல் எங்களுக்குப் பொறாமை இல்லை. அவருக்குக் கிடைப்பதுதான் சரியான கணக்கு.

நாங்கள் எப்படி இங்கே வந்து சேர்ந்தோம் என்பதையும் சொல்லவேண்டும். ஏனென்றால் “இந்த வேலைக்கு வரும்போதே தற்காலிகம் என்று தெரியுமல்லவா?” என்பது அடுத்த கேள்வி.

இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவருவது 1910இல் நிறுத்தப்பட்டது. கங்காணி முறை 1938இல் இந்திய அரசாங்கம் தடை போட்டதோடு முடிந்தது. அதற்குப் பிந்திய எங்கள் தாத்தா பாட்டிகள் தோட்டத்தின் ஆள் பதிவேடான செக்ரோலில் பெயர் உள்ளவர்கள். தினக்கூலிகள்தாம். விடியுமுன் பெரட்டு எனும் ஆள்கணக்கெடுப்புக்குப் போய்ப் பெயர் கொடுத்தால்தான் அன்றைய வேலை. மழை பிடித்தால் பால் வெட்ட முடியாது, இலையுதிர் காலத்தில் பால் குறையும். ஆனாலும் 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16ஆம் பிரிவு தோட்டத்துத் தினக்கூலியைப் பற்றி ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொன்னது: மாதத்தில் 24 நாளுக்குக் குறையாமல் வேலை கொடு, கொடுக்க முடியாமல் போனால், வேலைக்குத் தயாராக இருந்தவருக்கு அந்த நாட்களின் கூலியையும் கொடு. மழையும் பருவமும் முதலாளியின் பாடு, தொழிலாளியின் தலையில் அதைக் கட்டாதே என்பதே அதன் பொருள். தோட்டந்தோறும் அது ஒழுங்காக நடந்ததா என்று கேட்டால் எங்கள் பெரியவர்கள் சிரிப்பார்கள். நடக்கவில்லை என்று சண்டை போட ஒரு சட்டமாவது கையில் இருந்தது. நாள் கூலி வாங்குகிறவனுக்கும் தொடர்ச்சி உண்டு என்று இந்த நாடு சுதந்திரத்துக்கு முன்பே ஒப்புக்கொண்டிருக்கிறது. அதை நினைவூட்டவே இவ்வளவும்.

1969க்குப் பிறகு, குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாள அட்டைக்காரர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானது. பல்லாயிரம் பேர் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். இருந்தவர்களில் பலருடைய பெயர் மெல்ல மெல்லச் செக்ரோலிலிருந்து குத்தகைக்காரரின் நோட்டுப் புத்தகத்துக்குப் போனது. அதோடு லயத்து வீட்டின் உறுதியும் ஆயாக் கொட்டகையும் தோட்டத்து மருந்துக்கூடமும் ஆட்டம் கண்டன. பிறகு தோட்டமே போனது. செண்டாயான், நீலாய், லாபு பக்கம் பால்மரமும் செம்பனையும் நின்ற இடத்தில் இன்று தாமான்களும் தொழிற்பேட்டைகளும் நிற்கின்றன. லயத்தைக் காலி செய்தவர்களுக்குத் தெரிந்தது காட்டு வேலை. படிப்பு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியோடு நின்றிருந்தது. பக்கத்திலிருந்த அரசாங்கக் கட்டடத்தில் துப்புரவு வேலையும் காவல் வேலையும் கிடைத்தன.

அந்த வேலைகள் ஒரு காலத்தில் அரசாங்க வேலைகளாகவே இருந்தன. பொதுப்பணியிலும் நகராட்சியிலும் மருத்துவமனையிலும் அட்டெண்டென்டாகவும் தோட்டக்காரராகவும் சேர்ந்து பென்ஷன் வாங்கிய தமிழர்கள் சிரம்பானில் இன்றும் இருக்கிறார்கள். 1983இல் தனியார்மயக் கொள்கை வந்தது. 1997 ஜனவரி 1 முதல் அரசாங்க மருத்துவமனைகளின் துப்புரவு, சலவை, கழிவகற்றல் முதலிய ஆதரவுச் சேவைகள் மூன்று கம்பெனிகளுக்கு 15 ஆண்டுக் குத்தகையாகப் போயின. பள்ளித் துப்புரவும் காவலும் டெண்டருக்குப் போயின. கம்பெனிக்கு 15 ஆண்டு உறுதி கொடுக்கத் தெரிந்த அரசாங்கத்துக்கு, தரையைத் துடைப்பவளுக்கு அதில் பாதியாவது உறுதி கொடுக்கத் தெரியாமல் போனதை இப்போது நினைத்தாலும் எரிச்சல் வருகிறது.

ஆகவே, தற்காலிகம் என்று தெரிந்துதான் வந்தோமா? வேறு கதவு திறந்திருக்கவில்லை. நான்கு பக்கக் கடிதத்தில் போடும் கையெழுத்தைச் சம்மதம் என்று சொல்பவர்கள், கையெழுத்துப் போடாதவருக்கு மறுநாள் என்ன நடக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும்.

இப்போது சட்டத்துக்கு வருவோம். நிரந்தரத்தை நாங்கள் உரிமையாகக் கேட்க முடியுமா? எங்கள் ஆட்களிடம் ஆசை வார்த்தை பேசி ஏமாற்றுவது இந்த இயக்கத்தின் வேலை அல்ல. ஆகவே உள்ளதை உள்ளபடி சொல்கிறோம்.

கூட்டரசு நீதிமன்றம் 2020 மே மாதம் அகமது சஹ்ரி எதிர் எய்ம்ஸ் சைபர்ஜெயா வழக்கில் முக்கியமான ஒரு தீர்ப்பை வழங்கியது. அந்த ஊழியருக்கு ஒப்பந்தம் திரும்பத் திரும்ப இடைவெளி இல்லாமல் புதுப்பிக்கப்பட்டது. நடுவில் அதே குழுமத்தின் இன்னொரு கம்பெனிக்கும் மாற்றப்பட்டார். கடைசியில் காலம் முடிந்தது என்று அனுப்பிவிட்டார்கள். நீதிமன்றம் கடிதத்தின் தலைப்பைப் பார்த்து நின்றுவிடவில்லை. இரு தரப்பின் நோக்கம் என்ன, முதலாளி பிறகு எப்படி நடந்துகொண்டார், வேலையின் தன்மை என்ன என்று மூன்றையும் பார்த்து, அவர் நிரந்தர ஊழியரே என்றது. இரண்டு கம்பெனிகளையும் ஒன்றாகவே கருதியது. இந்த மூன்று கேள்விகளையும் எங்கள் வேலையின்மேல் வைத்துப் பாருங்கள். பள்ளிக் கழிப்பறை கழுவுவது இரண்டு ஆண்டில் முடிகிற திட்டமா?

ஆனால் எங்கள் வழக்கு அங்கேயே சிக்குகிறது. எங்களை அடுத்தடுத்து எடுக்கும் கம்பெனிகள் ஒரே குழுமம் அல்ல, ஒன்றுக்கொன்று போட்டியாளர்கள். அவர்களை இணைக்கும் ஒரே புள்ளி டெண்டர் விடும் அரசாங்கம். அரசாங்கத்தையே முதலாளி என்று சொல்லித் தொழில் நீதிமன்றத்துக்குப் போகலாமென்றால், 1967ஆம் ஆண்டு தொழிலியல் உறவுச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வழிமறிக்கிறது. நியாயமான காரணமின்றி நீக்கப்பட்டவர் 60 நாளுக்குள் முறையிடும் 20ஆம் பிரிவின் பாதுகாப்பு அரசாங்க ஊழியருக்குப் பொருந்தாது. அவர்களுக்குப் பொதுச்சேவை விதிமுறை தனியாக உண்டு, அது எங்களுக்குப் பொருந்தாது. 2012ஆம் ஆண்டு குறைந்தபட்ச ஓய்வு வயதுச் சட்டம் 60 வயதுவரை வேலைக்கு உறுதி தருகிறது. ஆனால் நீட்டிப்பையும் சேர்த்து 24 மாதத்துக்கு மேற்படாத ஒப்பந்தக்காரர்களை அது விலக்கி வைத்திருக்கிறது. பெரும்பாலான டெண்டர்களின் நீளத்தையும் இந்த 24 மாதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் எங்களில் பலர். யாரும் வேண்டுமென்றே செய்தார்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. விளைவு ஒன்றுதான்.

இந்த நிலையில் நீதிமன்றம் ஒன்றை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. 1996இல் டான் தெக் செங் என்ற ஆசிரியரின் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம், அரசியலமைப்பின் 5ஆம் பிரிவில் உள்ள உயிர் என்பதில் பிழைப்பும் அடங்கும் என்று விளக்கம் தந்தது. அந்த வாசல் திறந்தே இருக்கிறது. தகுந்த வழக்கறிஞர் கிடைத்தால் அதன் வழியாகவும் போவோம். ஆனால் எங்கள் முதல் வாதம் நீதிபதியிடம் இல்லை, டெண்டர் பத்திரத்தை எழுதும் நிதியமைச்சிடம்.

எதிர்வாதத்தையும் அதன் முழுப் பலத்தோடு எடுத்து வைக்கிறோம். அரசாங்க வேலை எல்லாருக்கும் பொதுவானது. விண்ணப்பம், நேர்காணல், தகுதி என்று முறை இருக்கிறது. பின்வாசலால் உள்ளே வந்தவர் நாள் கடத்தி நிரந்தரம் கேட்டால், வெளியே வரிசையில் நிற்பவருக்கு அநியாயம். இதைச் சாதாரணமாகத் தள்ளிவிட முடியாது. இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2006 ஏப்ரல் 10இல் உமாதேவி வழக்கில் இதையேதான் சொன்னது. தற்காலிக ஊழியர், தினக்கூலி, எத்தனை ஆண்டு வேலை பார்த்தாலும் நிரந்தரத்தை உரிமையாகக் கேட்க முடியாது என்றது. அனுமதிக்கப்பட்ட பணியிடத்தில் பத்து ஆண்டுக்கு மேல் இருந்தவர்களை மட்டும் ஒரே ஒரு தடவை முறைப்படுத்தலாம் என்று ஒரு சன்னலைத் திறந்து வைத்தது. அதற்குப் பிறகு அங்கே அரசு அலுவலகங்கள் எல்லாம் அந்தத் தீர்ப்பைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டன.

பதினெட்டு ஆண்டு கழித்து, 2024 டிசம்பர் 20இல், அதே நீதிமன்றம் ஜக்கோ வழக்கில் வேறு குரலில் பேசியது. மத்திய நீர் ஆணையத்தின் அலுவலகத்தில் பல்லாண்டுகளாகத் துப்புரவும் தோட்ட வேலையும் செய்தவர்கள் அந்த வழக்கைப் போட்டவர்கள். எங்கள் வேலைதான். அலுவலகத்துக்கு அன்றாடம் தேவையான வேலையை ஆண்டுக்கணக்கில் வாங்கிக்கொண்டு, உமாதேவியைக் காட்டி வெளியே தள்ளுவது தவறு என்று சொல்லி, அவர்களை முறைப்படுத்த உத்தரவிட்டது. வேலையை வெளிக்குத்தகைக்கு விட்டு உரிமையைத் தட்டிக் கழிக்கும் போக்கையும் கண்டித்தது.

தமிழ்நாட்டில் 1981ஆம் ஆண்டே ஒரு சட்டம் வந்துவிட்டது. 24 மாதத்தில் 480 நாள் தொடர்ந்து வேலை செய்த தொழிலாளி நிரந்தரமானவர் என்கிறது அது. அங்கேயும் பாடு தீரவில்லை. நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் நெல் கொள்முதல் நிலையங்களில் பருவகால எழுத்தர், உதவியாளர், காவலர் என்று அறுவடைக்கு அறுவடை வேலை பார்ப்பவர்கள் இன்னும் நிரந்தரம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நெல் பருவத்துக்கு வருவது, ஆகவே ஆளும் பருவத்துக்குத்தான் என்ற வாதத்துக்கு அங்கே கொஞ்சமாவது அடிப்படை உண்டு. 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை வாசலில் துப்புரவுத் தொழிலாளர்கள் நாள்கணக்கில் உட்கார்ந்திருந்தபோது அந்த அடிப்படையும் இல்லை. குப்பைக்குப் பருவம் கிடையாது. தங்கள் வேலையைத் தனியாருக்குக் கொடுக்காதே என்றார்கள். நள்ளிரவில் அப்புறப்படுத்தப்பட்டார்கள். அவர்கள் எதிர்த்த நிலையில்தான் நாங்கள் கால் நூற்றாண்டுக்கு மேல் இருக்கிறோம். அதனால் அது எங்கே கொண்டுபோய் விடும் என்று அவர்களுக்குச் சொல்லும் தகுதி எங்களுக்கு உண்டு.

எனவே பின்வாசல் என்ற குற்றச்சாட்டுக்கு எங்கள் பதில் இது. நாங்கள் எந்தப் பட்டதாரியின் இடத்தையும் கேட்கவில்லை. எந்த வரிசையையும் தாண்டவில்லை. எங்கள் வேலைக்கு வரிசையே இல்லை. நாங்கள் இருக்கும் இடத்தில் எங்களையே விட்டு, யார் முதலாளி என்பதை மட்டும் நேர்மையாக எழுதச் சொல்கிறோம். பின்வாசலைத் திறந்து வைத்தது அரசாங்கம். இருபது ஆண்டாக அதன் வழியே எங்களை வரச் சொல்லிவிட்டு, முன்வாசலால் ஏன் வரவில்லை என்று கேட்பது முறையல்ல. மேலும், இந்த அரசாங்கத்துக்கு மனம் இருந்தால் வழி தெரியும். 2016 இறுதியிலிருந்து ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்ட இளம் மருத்துவர்கள் 2021 ஜூலை 26இல் கறுப்புச் சட்டை போட்டு வெளிநடப்பு செய்தார்கள். பிறகு ஆயிரக்கணக்கான நிரந்தரப் பணியிடங்கள் பிறந்தன. அவர்களுக்குக் கிடைத்தது நியாயம். அவர்கள் அறுவை செய்யும் அறையைத் துடைப்பவரின் நியாயம் வேறு அளவுகோலால் அளக்கப்படக் கூடாது.

எங்கள் கோரிக்கைகளை வகுக்கும்போது எங்களுக்குள்ளேயே சண்டை வந்தது. மறைக்க வேண்டியதில்லை. ஒரு சாரார், குறிப்பாக மருத்துவமனையில் இருப்பவர்கள், குத்தகையை ஒழித்து அரசாங்கமே நேரடியாக எடுக்கவேண்டும், அதற்குக் கீழே எதையும் கேட்கக் கூடாது என்றார்கள். இன்னொரு சாரார், ஓய்வு பெற மூன்று நான்கு ஆண்டு மட்டுமே இருப்பவர்கள், நேரடி வேலை வரும்வரை நாங்கள் இருக்கமாட்டோம், போன ஆண்டுகளையாவது கணக்கில் சேர்க்கச் சொல்லுங்கள் என்றார்கள். இரண்டும் நியாயம். கடைசியில் வயதானவர்களின் கோரிக்கையை முன்னால் வைப்பதென்று முடிவானது. நேரடி வேலையைக் கைவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம்.

ஆகவே முதல் கோரிக்கை: அரசாங்கம் விடும் ஒவ்வொரு துப்புரவு, காவல், புல்வெட்டுக் குத்தகையிலும் ஒரு நிபந்தனை எழுதப்படவேண்டும். புதிதாக வரும் கம்பெனி இருக்கும் தொழிலாளர் அனைவரையும் எடுத்துக்கொள்ளவேண்டும். அந்தப் பணியிடத்தில் அவர்கள் முதன்முதலாகக் கால் வைத்த நாளையே சேர்ந்த நாளாக எழுதவேண்டும். விடுப்பு, எம்.சி., முன்னறிவிப்பு, இழப்பீடு எல்லாம் அந்த நாளிலிருந்து ஓடும். இதற்கு நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை, அரசியலமைப்பு திருத்த வேண்டியதில்லை. டெண்டர் பத்திரத்தில் ஒரு பத்தி. செலவு கூடும் என்பார்கள். கூடும்தான். அந்தச் செலவை இத்தனை ஆண்டும் நாங்கள் கொடுத்துக்கொண்டிருந்தோம், இனி உரியவர் கொடுக்கட்டும்.

இரண்டாவது, சர்வீஸுக்கு ஏற்ற சம்பளம். ஐந்து ஆண்டு, பத்து ஆண்டு, பதினைந்து ஆண்டு என்று குறைந்தபட்சச் சம்பளத்துக்கு மேல் ஏற்றம் குத்தகை விலையிலேயே சேர்க்கப்படவேண்டும். மிகக் குறைந்த விலை கேட்டவருக்கே டெண்டர் என்றால் அந்தக் குறைவு எங்கள் முதுகிலிருந்துதான் எடுக்கப்படும் என்பது அமைச்சுக்குத் தெரியாததல்ல.

மூன்றாவதும் முடிவானதும், நேரடி வேலை. ஒரே அரசாங்கப் பணியிடத்தில் தொடர்ந்து ஐந்து ஆண்டு வேலை பார்த்தவரை அந்த அமைச்சோ மாநில அரசாங்கமோ நேரடி ஊழியராக ஏற்கவேண்டும். வயதையும் சான்றிதழையும் தடையாகக் காட்டக் கூடாது. மாப்பு பிடிக்க எஸ்.பி.எம். வேண்டியதில்லை என்று இருபது ஆண்டாக நிரூபித்துவிட்டோம். சிரம்பான் துவாங்கு ஜாபார், கோலப்பிலா துவாங்கு அம்புவான் நஜிஹா, போர்ட்டிக்சன், ஜெம்போல், தம்பின், ஜெலேபு மருத்துவமனைகளிலும், மாநிலத்தின் 61 தமிழ்ப்பள்ளிகள் உட்பட எல்லா அரசாங்கப் பள்ளிகளிலும் இதைத் தொடங்கலாம்.

வெளிநாட்டுத் தொழிலாளர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் பழைய லயங்களில் இப்போது இந்தோனேசியர்களும் வங்காளதேசத்தவரும் இருக்கிறார்கள். அவர்களால்தான் நமக்கு இந்த நிலை என்று பேசும் வழக்கம் நம்மிடம் உண்டு. இந்த இயக்கத்தின் மேடையில் அந்தப் பேச்சுக்கு இடமில்லை. நம் முன்னோரையும் ஒரு காலத்தில் அப்படித்தான் பேசினார்கள்.

அரசியல் கட்சிகளைப் பொறுத்தவரை, எங்கள் மனுவை வாங்கிக்கொண்டு படம் எடுத்துக்கொள்ள யார் வந்தாலும் வரவேற்போம். படத்துக்கு முன்னால் முதல் கோரிக்கையில் கையெழுத்துக் கேட்போம்.

பயப்படுகிறவர்களுக்கு: பயம் நியாயமானதே. 2020 ஜூன் 2இல், கோவிட் காலத்தில், ஈப்போ மருத்துவமனை வாசலில் துப்புரவுத் தொழிலாளர்களுக்காகக் குரல் கொடுத்த சங்கத்தினர் ஐவர் கைது செய்யப்பட்டார்கள். அப்போது மக்கள் மருத்துவமனைப் பணியாளர்களுக்குக் கைதட்டிக்கொண்டிருந்த காலம். ஆனால் அதற்குப் பிறகு ஒரு கதவு திறந்திருக்கிறது. தொழிற்சங்கச் சட்டத் திருத்தம் 2024 செப்டம்பர் 15 முதல் நடப்புக்கு வந்தது. முன்புபோல் ஒரே தொழில், ஒரே நிறுவனம் என்ற கட்டுக்குள்தான் சங்கம் அமைக்கலாம் என்ற நிலை இல்லை. பள்ளியில் பெருக்குபவரும் மருத்துவமனையில் துடைப்பவரும் வாசலில் காவல் நிற்பவரும் ஒரே சங்கத்தில் உட்காரலாம். 1954இல் பல தோட்டச் சங்கங்கள் சேர்ந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமானது. அதன் குறைகளை எங்கள் வீடுகளில் போதிய அளவு பேசியிருக்கிறோம். ஆனால் சிதறிக் கிடந்தவர்கள் ஒன்றானபோதுதான் சம்பளப் பேச்சில் எதிரே நாற்காலி கிடைத்தது என்பதும் அதே வீடுகளில் பேசப்பட்டதுதான்.

இந்த இயக்கத்தின் முதல் வேலை ஊர்வலம் அல்ல, பதிவேடு. ஒவ்வொரு வட்டாரத்திலும் இருவர் பொறுப்பாக இருப்பார்கள். அவர்கள் கொண்டுவரும் படிவத்தில் நீங்கள் அந்தப் பள்ளியிலோ மருத்துவமனையிலோ முதன்முதலாக வேலைக்குப் போன நாளை எழுதுங்கள். தேதி நினைவில்லை என்றால் அந்த ஆண்டு எந்தப் பிள்ளை எந்த வகுப்பில் இருந்தது என்று யோசியுங்கள், வந்துவிடும். சொக்சோ, சேமநிதிப் பதிவுகளில் பழைய கம்பெனிகளின் பெயர்கள் வரிசையாக இருக்கும். அதை எடுத்து வாருங்கள், இல்லாதவர்களுக்கு எடுத்துத் தர உதவுவோம். பழைய நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, அடையாள வில்லை, சட்டையில் தைத்த பெயர்த் துண்டு, எது இருந்தாலும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உங்களோடு ஒரே காலத்தில் வேலை பார்த்த ஆசிரியர், தாதி, அலுவலக எழுத்தர் யாராவது சாட்சிக் கையெழுத்துப் போட்டால் இன்னும் நல்லது. சந்தா மாதம் ஒரு வெள்ளி, ரசீது உண்டு.

முதலாளி யார் என்று கேட்கும் கட்டத்தில் மட்டும் கம்பெனிப் பெயரை எழுதாதீர்கள். பள்ளியின் பெயரையோ மருத்துவமனையின் பெயரையோ எழுதுங்கள். பதிவேடு நிரம்பியதும் அதை நிதியமைச்சுக்கும் கல்வி அமைச்சுக்கும் சுகாதார அமைச்சுக்கும் சிரம்பானில் உள்ள மாநிலச் செயலகத்துக்கும் நேரில் கொண்டுபோய்க் கொடுப்போம். பெற்றுக்கொண்டதற்கு முத்திரை குத்தி வாங்காமல் திரும்பமாட்டோம்.